குஞ்சைக் காப்பாற்றுகிறோம், தாயை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் படத்தை உங்கள் நாளிதழில் பார்த்தேன். அழகான படம்தான். ஆனால் தினமும் காலையில் கடற்கரையில் நடக்கிற எனக்கு ஜனவரி என்றாலே வேறு காட்சிதான் நினைவுக்கு வருகிறது: கண் பிதுங்கி, கழுத்து வீங்கிச் செத்துக் கிடக்கும் பங்குனி ஆமைகள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின.

ஆமை மீன் இல்லை. மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு கடலில் இழுத்துப் போகும் பை போன்ற வலையை, அதாவது இழுவை மடியை, மணிக்கணக்கில் தூக்கமாட்டார்கள். உள்ளே சிக்கிய ஆமை மூச்சு முட்டிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. முட்டையிட வந்த ஆமைகள் சுற்றுவதும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது; அதற்குள் ஆமைப் பருவமே ஏறக்குறைய முடிந்துவிடும். ஜனவரியிலிருந்து ரோந்துப் படகு கடலில் நிற்காவிட்டால் அந்த 5 மைல் யாருக்காக?

ராத்திரி முழுக்க மணலில் நடந்து முட்டைகளைக் காக்கும் மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. 1988-லிருந்து செய்கிறார்கள். கணக்குதான் இடிக்கிறது. ஒரு ஆமை ஒரு தடவைக்கு நூற்றுச் சொச்சம் முட்டை இடும். ஆயிரம் குஞ்சில் ஒன்று தேறினாலே பெரிது என்கிறார்கள். அது பருவத்துக்கு வரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அப்படித் தேறி வந்ததைத்தான் மடியில் சாகவிடுகிறோம்.

ஆமை தப்பிக்க வழி வைத்த மடியை நம் படகுகள் பயன்படுத்தவில்லை என்று 2019 முதல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதில்லை. மீனும் அந்த வழியாகப் போய்விடும் என்பது படகுக்காரர்களின் கவலை. நியாயம்தான். மகாராஷ்டிரத்தில் ஆமையை விடுவிக்க வலையை அறுத்தால் அரசே நஷ்டஈடு தருகிறது. அதை இங்கேயும் கொடுத்துப் பார்க்கலாமே.

அப்புறம், கரையில் இருக்கும் எங்கள் பங்கு. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஊரும். விளக்கு எரிந்தால் கடலுக்குப் பதில் சாலைக்கு வரும். மொட்டைமாடி விளக்கை ஏப்ரல் வரையாவது இரவில் அணைத்து வைக்கச் சொல்லி எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். திருட்டு பயமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீலாங்கரை, சென்னை