பி = 0.03 என்றால் என்ன? உளவியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும்,

வணக்கம். முதலாம் வருட உளவியல் மாணவருக்கான புள்ளிவிபரவியல் தொடர்மதிப்பீட்டின் மாதிரி விடைகள் கைக்குக் கை மாறி எங்களிடமும் வந்து சேர்ந்துவிட்டன. வினாவைப் போட்டவர்கள் நீங்கள், அதனால் பின்னணியை விளக்கத் தேவையில்லை. 4(இ) பற்றித்தான் இந்த மடல். பரீட்சைக்கு முன் மூச்சுப்பயிற்சி செய்த 20 பேர், செய்யாத 20 பேர். பதகளிப்புப் புள்ளிகளின் இடை 21.40, 25.67. இரு குழுவிலும் நியம விலகல் 6. இரு இடைகளையும் ஒப்பிடும் ரி சோதனையில் ரி = 2.25, பி = 0.03. 'பி பெறுமானத்தை விளக்குக' என்பது வினா, ஆறு புள்ளி. நீங்கள் தந்த விடை: 'சூனியக் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு 3%. ஆகவே மூச்சுப்பயிற்சி பயன் தருகிறது என்பது 97% உறுதி.'

இது பிழை. வசனநடையில் வந்த சறுக்கல் என்று விட்டுவிடலாம் என்றால் அதுவும் இல்லை, கருத்தே தலைகீழாக நிற்கிறது. இந்த விடையை மீளப்பெற்று, 4(இ)ஐ எல்லா விடைத்தாள்களிலும் மறுபடி திருத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம்.

பயிற்சியால் ஒரு வித்தியாசமும் இல்லை என்று முதலில் எடுத்துக்கொள்கிறோம். இதுதான் சூனியக் கருதுகோள். அப்படியானால், எழுமாறாக மட்டும் 4.27 புள்ளியோ அதைவிடப் பெரிய வித்தியாசமோ, எந்தப் பக்கமாகவாவது, வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு? பி பெறுமானம் சொல்வது இதை மட்டும்தான். சூனியக் கருதுகோள் அங்கே எடுகோள். எடுகோளாக வைத்துத் தொடங்கிய கணக்கு, அந்த எடுகோள் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கடைசியில் சொல்லாது. மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்து கிடக்கிறது என்பதற்காக மழை பெய்தது என்று ஆகுமா? விடிய எழும்பி யாராவது தண்ணீர் தெளித்திருக்கலாம். ஈர முற்றத்தைப் பார்த்து மழையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த மாதத்தில் மழை எவ்வளவு வழக்கம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மார்கழியில் ஒரு விடை, ஆடியில் வேறு விடை.

எண்ணில் பார்ப்போம். உளவியலாளர்கள் 1000 கருதுகோள்களைச் சோதிக்கிறார்கள், அவற்றில் 100இல் மட்டும் உண்மையான விளைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனையின் வலு, அதாவது உண்மையான விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு, 80% என்றால் அந்த நூறில் 80 அகப்படும். மிச்சம் 900இலும் விளைவே இல்லை, ஆனால் 0.05 மட்டத்தில் 45 தவறாக 'பொருளுண்மை உண்டு' (பி 0.05க்குக் கீழே) என்று வந்துவிடும். ஆக 125 'வெற்றி'களில் 45 பொய், நூற்றுக்கு 36. நூற்றுக்கு ஐந்து அல்ல. அதுவும் நல்ல ஆய்வுகளுக்குத்தான். குழுவுக்கு 20 பேர், விளைவின் அளவு கோஹெனின் டி (இடைகளின் வித்தியாசத்தை நியம விலகலால் வகுத்தது) 0.5 என்றால் வலு ஏறக்குறைய 34% மட்டுமே. அப்போது உண்மையில் 34, பொய்யில் 45. வெற்றிகளில் பாதிக்கு மேல் பொய். அதே டிக்கு 80% வலு வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர் தேவை. 4(இ)இல் இருப்பது குழுவுக்கு 20 பேர். அந்த வினாவுக்குத்தான் '97% உறுதி' என்று விடை எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. அந்த நாற்பது பேரையும் எழுமாறாகப் பிரித்தார்களா, அல்லது பயிற்சிக்கு விரும்பி வந்தவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் மறுபக்கமா என்று வினாவில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவதென்றால் பி என்னவாக இருந்தாலும் 'பயிற்சி பயன் தருகிறது' என்று எழுத இடமில்லை.

இதில் எங்களை அதிகம் உறுத்துவது புள்ளி போன விதம். 'வித்தியாசம் இல்லையென்றால் இப்படியொரு முடிவு வர 3% வாய்ப்பு' என்று சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு ஆறுக்கு இரண்டு. அதே வசனத்தைப் புரட்டிப் பிழையாக எழுதியவர்களுக்கு ஆறுக்கு ஆறு. கலைப்பிரிவில் இருந்து வந்த பிள்ளைகள். சாதாரண தரத்தோடு கணிதத்துக்குக் கும்பிடு போட்டவர்கள்தான் அனேகம். நிகழ்தகவு என்றாலே பயந்துகொண்டு வந்தவர்கள், பயத்தைத் தாண்டி, நிபந்தனை நிகழ்தகவைப் பிடித்து, எதைக் கொண்டு எதைச் சொல்லலாம் என்று விளங்கிக்கொண்டு எழுதினார்கள். இப்போது அவர்கள் கேட்கிற கேள்வி: 'சேர், சோதினையில சரியான விடையை எழுதுறதோ, புள்ளி வாற விடையை எழுதுறதோ?' இதற்கு நாங்கள் என்ன சொல்ல? அடுத்த மாதம் அரையாண்டு முடிவுப் பரீட்சை. மாதிரி விடை ஏற்கெனவே ரியூட்டாகி, ரியூட் போட்டோக்கொப்பியாகிவிட்டது. பாடமாக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உங்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பதும் தெரியும். ஹாலரும் கிறவுசும் 2002இல் ஜேர்மனியில் ஆறு பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளில் இதே பி பெறுமானத்தைப் பற்றி ஆறு கூற்றுகளைக் கொடுத்துக் கேட்டார்கள். ஆறுமே பிழையான கூற்றுகள். மாணவர் எல்லோரும் குறைந்தது ஒன்றையாவது சரியென்றார்கள். ஆய்வுமுறை படிப்பிப்பவர்களிலேயே 80% பேர் அப்படித்தான் விழுந்தார்கள். அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2016இல் ஓர் அறிக்கையே விட்டது: கருதுகோள் உண்மையாக இருக்கும் நிகழ்தகவைப் பி பெறுமானம் அளப்பதில்லை என்று. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, முதலில் 97% பொருளுண்மை காட்டியிருந்தவை, மறுமுறை 36% மட்டுமே காட்டின. '97% உறுதி' என்று நம்பிய துறைக்குக் கிடைத்த பதில் அது. இவ்வளவு நடந்த பிறகும் அதே வசனத்தை மாதிரி விடையாகப் போடுவதைத்தான் எங்களால் விழுங்க முடியவில்லை.

இதைப் படிப்பிப்பது கடினம் என்ற சாட்டை ஏற்க மாட்டோம். நாற்பது பேரின் புள்ளிகளையும் நாற்பது மட்டைத் துண்டுகளில் எழுதுங்கள். கலையுங்கள். இருபது இருபதாகப் பிரியுங்கள். இரு குவியலின் இடைகளையும் கண்டு வித்தியாசத்தைக் குறியுங்கள். மறுபடி கலையுங்கள். முப்பது பிள்ளைகள் ஆளுக்குப் பத்துத் தடவை செய்தால் 300 வித்தியாசங்கள் கரும்பலகையில் சேரும். அவற்றில் 4.27ஐ எட்டியவையோ தாண்டியவையோ, கூட்டல் கழித்தல் இரு பக்கமும் சேர்த்து, ஒன்பது சொச்சம் இருக்கும். 300க்கு 9, அதாவது 0.03. பி பெறுமானம் அவ்வளவுதான். மட்டையைக் கலைத்த கைக்கு 'சூனியக் கருதுகோள் உண்மையாக இருக்க 3%' என்று எழுத வராது. கலைக்கும்போதே அது உண்மை என்று வைத்துக்கொண்டுதானே கலைத்தோம். 304 சீட்டாட்டம் விளையாடத் தெரிந்த ஊர் இது. 32 சீட்டில் முதல் நாலு கைக்கு வரும்போது ஒரு ஜாக்காவது இருக்க 43% வாய்ப்பு என்பதைக் கணக்குப் போடாமலே உணர்ந்து கேள்வி (ஏலம்) கேட்கிற ஆட்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். நிகழ்தகவு எங்கள் பிள்ளைகளுக்கு ஏறாது என்று சொல்பவர்கள் ஒரு மத்தியானம் அந்தத் திண்ணைகளில் போய் இருந்து பார்க்கலாம்.

பேச்சு வந்த இடத்தில் மற்றதையும் சொல்லிவிடுகிறோம். ரியூட்டில் ஒரு பக்கம் 'பொருளுண்மை', மறுபக்கம் 'முக்கியத்துவம்', இந்திய நூலில் இருந்து எடுத்த பக்கத்தில் 'நியம விலகல்' போய் 'திட்ட விலக்கம்'. பிள்ளை இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் கணிக்கிறது. 'முக்கியமான வேறுபாடு' என்ற சொல்லாவது போகட்டும், தயவுசெய்து. குழுவுக்கு 2500 பேரை எடுத்தால் 0.36 புள்ளி வித்தியாசமும், நியம விலகல் 6ஆக இருக்கையில், பி 0.034 தரும். அந்த முப்பத்தாறு சதப் புள்ளியில் யாருக்கு என்ன முக்கியம்? எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளின் அட்டவணையில் முதலாவதாக நிற்பது லெவீன் சோதனையின் பி, அது இரு குழுவின் மாறற்றிறன்கள் (நியம விலகலின் வர்க்கங்கள்) சமமா என்று பார்ப்பது. அதைத் தூக்கி ரி சோதனையின் பி என்று எழுதியவர்களுக்கும் முழுப்புள்ளி விழுந்திருக்கிறது. 0.000 என்று திரையில் வந்தால் 'பி = 0' என்று எழுதுகிறார்கள்; 'பி 0.001இலும் குறைவு' என்று எழுதச் சொல்ல ஒருவரும் இல்லை. மூன்றாம் வருடத்தில், பி 0.05க்குக் கீழே வராவிட்டால் ஆய்வே பிழைத்துவிட்டது என்று பிள்ளைகளை அழவைப்பதும் நடக்கிறது. பிறகு அவர்கள் இருபது மாறிகளைப் போட்டு ஒன்றாவது வருமா என்று பார்க்கிறார்கள். வராமல் என்ன? ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனையில், விளைவே இல்லாவிட்டாலும், ஒன்றாவது 0.05க்குக் கீழே விழ 64% வாய்ப்பு இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தச் சொல்லவில்லை. 4(இ) ஒன்றைத் திருத்துங்கள்.

ஆறு புள்ளியையும் இப்படிப் பிரிக்கலாம் என்பது எங்கள் யோசனை. 'வித்தியாசம் இல்லையென்று கொண்டால்' என்ற நிபந்தனையை எழுதினால் இரண்டு. 'இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய' என்று எழுதினால் இரண்டு. 0.05 மட்டத்தில் சூனியக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது என்ற முடிவுக்கு ஒன்று. வித்தியாசத்தின் பருமனைச் சொன்னால் ஒன்று: 4.27 புள்ளி, ரி அட்டவணையில் 38க்கு (நாற்பது பேரில் குழுவுக்கு ஒன்றாக இரண்டு கழித்தது) நேரே உள்ள 2.024ஐக் கொண்டு கணித்தால் 95% நம்பிக்கை ஆயிடை 0.43 முதல் 8.11 வரை. அந்த ஆயிடையின் அகலத்தைப் பார்த்தாலே நாற்பது பேரை வைத்து எவ்வளவு சொல்லலாம் என்பது தெரிந்துவிடும். 'சூனியக் கருதுகோளின் நிகழ்தகவு 3%' என்று எழுதியவர்களுக்கு முதல் இரண்டு புள்ளியும் இல்லை. பிழையான ரியூட்டைப் படித்து எழுதியது அவர்கள் குற்றமில்லை என்று நீங்கள் கருதினால், அவர்களுடைய புள்ளியைக் குறைக்காமல் விடுவதிலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. சரியாக எழுதியவர்களுக்கு உரியதை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

மாதிரி விடையை மீளப்பெற்றதாக ஒரு வரி அறிவித்தல் பலகையில், அரையாண்டு முடிவுப் பரீட்சைக்குக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் வந்தால் போதும். அதற்குள் புது ரியூட் அடிக்க ஆள் தேவையென்றால் நாங்கள் வருகிறோம். நாற்பது மட்டைத் துண்டும் வெட்டி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
புள்ளிவிபரவியல் படிப்பிப்போர் சிலர்
யாழ்ப்பாணம்