சாந்தியின் வெள்ளியைக் கேட்டு வாங்குங்கள்: பி.டி. உஷாவுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா அவர்களுக்கு,

வணக்கம் மேடம். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் உங்களுக்கு வெண்கலம் போனது. நாற்பது வருடம் கழித்தும் ஆட்கள் அதைப் பேசுகிறார்கள். அதனால் இந்தக் கணக்கு உங்களுக்குச் சட்டென்று புரியும்: 2006 டிசம்பரில், தோஹா ஆசியப் போட்டியில், பெண்கள் 800 மீட்டரில் கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவாவை நூறில் மூன்று விநாடி முந்தி, 2 நிமிடம் 3.16 விநாடியில் வெள்ளி வாங்கினார் சாந்தி சௌந்தரராஜன். அப்புறம் பாலினப் பரிசோதனை என்று சொல்லி அதைப் பறித்துக்கொண்டார்கள். அதைத் திரும்பக் கேளுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிகள், பட்டியல் சாதிக் குடும்பம், ஓடக் கற்றுக்கொடுத்தது தாத்தா. அங்கிருந்து கிளம்பி வந்து 2005 இஞ்சியோன் ஆசிய சாம்பியன்ஷிப்பில் இதே 800-ல் வெள்ளி. முதல் வளைவு வரைதான் அவரவர் பாதை, அதற்கப்புறம் எல்லாரும் உள்பக்கம் பாய்வார்கள், முழங்கை இடிக்கும், கடைசி 200-ல் காலில் ஒன்றும் மிச்சமிருக்காது. அப்படி ஒரு ஓட்டத்தில் ஆசியாவிலேயே இரண்டாவதாக வந்தவர், தோஹாவுக்கு அதிர்ஷ்டத்தில் போகவில்லை.

ஊக்கமருந்து எடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை, இன்றுவரை. மருத்துவ விவரத்துக்குள் நான் அதிகம் போகப் போவதில்லை, அன்றைக்கு டிவிக்காரர்கள் போனதே போதும். ஒன்றை மட்டும் கேட்கிறேன். எல்லாப் பெண்களையும் சோதிக்கும் வழக்கத்தைச் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 1992-லேயே விட்டுவிட்டது, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-ல் விட்டது. ஆண்களுக்கு அதிகம் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன், பெண்கள் பிரிவில் ஓடுபவர்களுக்கு இவ்வளவுதான் வரம்பு என்று தடகளத்தில் முதல் விதி வந்ததே 2011-ல். சரி, அப்படியென்றால் 2006-ல் சாந்தி எந்த வரம்பைத் தாண்டினார்? அந்த 2006-ல் தடகளச் சம்மேளனம் வைத்திருந்த கொள்கையே, சில உடல்நிலைகள் இருந்தாலும் பெண்கள் பிரிவில் ஓடலாம் என்று பெயர் போட்டுச் சொன்னது. இதையெல்லாம் அவருக்காக மேசையில் எடுத்து வைக்க நம் தரப்பில் ஒரு ஆள் இல்லை. ஒரு மேல்முறையீடுகூட நடக்கவில்லை.

மூன்று வருடத்தில், 2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா இதே 800-ல் 1:55.45-ல் தங்கம் வாங்கினார். அவரையும் சோதித்தார்கள், அவமானப்படுத்தினார்கள், ஆனால் தென்னாப்பிரிக்கா அவர் பின்னால் நின்றது, தங்கம் அவரிடமே இருக்கிறது. வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம் நாட்டு ஓட்டக்காரர் டுட்டீ சந்த்தைப் பாருங்கள். 2014-ல் அந்த டெஸ்டோஸ்டிரோன் விதியைக் காட்டி அவரை நிறுத்தினார்கள், இந்திய விளையாட்டு ஆணையமே வழக்குக்கு உதவியது, 2015-ல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது, ரியோ ஒலிம்பிக்குக்குப் போனார், 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளியோடு வந்தார். அதே நாடுதானே மேடம் இது? டுட்டீக்குக் கிடைத்தது சரி, சந்தோஷம். சாந்திக்கு ஏன் கிடைக்கவில்லை?

பதக்கம் போன பிறகும் அன்றைய முதல்வர் கருணாநிதி அவருக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். சாந்தி என்ன செய்தார் தெரியுமா, புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க அதைச் செலவழித்தார். 2012-ல் அவரே சூளையில் கூலிக்கு நின்ற செய்தி வந்தது. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு, அதன்பின் தமிழ்நாட்டில் பயிற்சியாளர் வேலை. வாழ்க்கையை அவர் நிமிர்த்திக்கொண்டார். தோஹா பட்டியலில் மட்டும் இன்னும் அவர் பெயர் தகுதி நீக்கம்.

அந்த வெள்ளி போய்ச் சேர்ந்த யலோவ்ட்சேவாவிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலுக்கு இரண்டு தங்கம் கொடுத்தார்களே, தோஹாவுக்கு இரண்டு வெள்ளி இருந்தால் என்ன? ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலுக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு மனு அனுப்புங்கள், அதோடு 2006 முடிவின் ஆவணங்களையும் வெளியில் எடுங்கள், யார் எந்த விதிப்படி முடிவெடுத்தார்கள் என்று சாந்திக்காவது தெரியட்டும்.

இன்னொன்று. 2025 செப்டம்பரிலிருந்து உலக அளவிலான தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனை வந்துவிட்டது. அது சரியா தவறா என்று தனியாகச் சண்டை போடலாம். ஆனால் நம் ஊர்ப் பெண்ணின் சோதனை முடிவு முதலில் அவளிடம் போக வேண்டும், பக்கத்தில் ஒரு டாக்டரும் வக்கீலும் இருக்க வேண்டும், வெளியே கசிந்தால் கசியவிட்டவர் வேலை போக வேண்டும். இதை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தடகள ரசிகன்

நகல்: இந்தியத் தடகளக் கூட்டமைப்பு, ஆசிய ஒலிம்பிக் கவுன்சில், குவைத்