லேசான பனிமூட்டம் எத்தனை மணி வரை? வானிலை அறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். கடலோரத்தில் பிள்ளைகளை ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியில் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. ஒரு நடைக்கு 34 கிலோமீட்டர். உங்கள் அறிக்கையை ஒரு நாள் விடாமல் படிக்கிறவன். எங்கள் பக்கத்துக் காலையும் அந்தப் பக்கத்து மதியமும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போன செவ்வாய்க்கிழமைக்கு நீங்கள் போட்டிருந்தது இது: “கடலோரப் பகுதிகளில் காலையில் லேசான பனிமூட்டம். உட்பகுதிகளில் வெப்பம் சற்று அதிகரிக்கக்கூடும். அதிகபட்ச வெப்பநிலை 18 முதல் 41 டிகிரி வரை.”

இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என் வருத்தமே அதுதான். 18-லிருந்து 41 வரை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எப்படித் தப்பாகும்? இந்தச் சட்டை குழந்தைக்கும் சேரும், அப்பாவுக்கும் சேரும் என்று டெய்லர் சொல்கிற மாதிரி இருக்கிறது.

திங்கள் ராத்திரி, என் வண்டியில் வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா போன் செய்தார். “அண்ணா, நாளைக்குக் குளிருமா?” உங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். “பனின்னு போட்டிருக்காங்கம்மா. சுவெட்டர் போட்டே அனுப்புங்க.”

காலை 5.40-க்கு வண்டியை எடுத்தேன். உங்கள் லேசான பனியில் சாலை ஓரத்து வெள்ளைக் கோடு இரண்டு துண்டு தெரிந்தது, மூன்றாவது தெரியவில்லை. ஹை பீம் போட்டால் வெளிச்சம் முகத்துக்கே திரும்பி வருகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, காதால் ஓட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, பிரேக்கை மிதிக்கலாமா என்று யோசிக்கிற ஒரு நொடியில் 16 மீட்டர் தாண்டிவிடும். அதனால் 20-ல் உருட்டினேன். முக்கால் மணி நேரப் பாதைக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. சரி, அதை விடுங்கள். பனியில் ஓட்டுவது எனக்குப் பழகிய வேலை.

நான் சொல்ல வந்தது மதியத்தை. 3.20-க்குப் பள்ளி விட்டது. வண்டி அதுவரை திறந்த மைதானத்தில் நின்றிருந்தது. ஸ்டீயரிங்கை ஈரத்துண்டு சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. சீட் பெல்ட் கொக்கியைத் தொட்ட பையன் கையை உதறினான். நீங்கள் சொல்லும் 41, தரைக்கு ஒன்றிரண்டு மீட்டர் மேலே, காற்றோடும் வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் அளந்தது. வெயிலில் நின்ற வண்டிக்குள் எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. எங்கள் வண்டியில் ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி காற்று.

மலை ஏறும்போது அந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாந்தி எடுத்தது. நிறுத்திவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், காலையில் போட்ட சுவெட்டரை இன்னும் கழற்றவில்லை. கழுத்து வரை பட்டன். பின்கழுத்தில் முடி ஒட்டிக் கிடக்கிறது. முகம் சிவந்து, உதடு காய்ந்து போயிருக்கிறது. பட்டனை அவிழ்த்தால் உள்பக்கம் பிழியலாம் போல ஈரம். நிழலில் உட்கார வைத்து, துண்டை நனைத்துத் துடைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. “ஏம்மா கழட்டலை?” என்று கேட்டேன்.

“கழட்டக் கூடாது, குளிரும்னு டிரைவர் மாமா சொன்னாங்கன்னு அம்மா சொன்னாங்க.”

டிரைவர் மாமா நான்தான்.

இதோடு முடியவில்லை. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினோம். இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும், மறுபடி பனிக்காற்று. நனைந்த சட்டையோடு அதே பிள்ளை இப்போது நடுங்குகிறது. சுவெட்டர் வாந்தியோடு பைக்குள் கிடக்கிறது. என் சட்டையைக் கழற்றிப் போர்த்திக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். அந்த அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. நேரத்தைப் போடுங்கள். பனி எத்தனை மணிக்கு இறங்கும், எத்தனை மணிக்கு விலகும், எத்தனை மீட்டர் தூரம் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் எத்தனை மணிக்கு 35-ஐத் தாண்டும், எத்தனை மணிக்குத் தணியும். கடலோரத்துக்கு ஒரு வரி, உட்பகுதிக்கு ஒரு வரி.

இது முடியாது என்று சொல்லாதீர்கள். விமானங்களுக்கு நீங்கள் இதைத்தான் செய்கிறீர்கள். ‘டாஃப்’ என்று விமான நிலைய முன்னறிவிப்பு ஒன்று இருப்பது எனக்கும் தெரியும். பெரிய விமான நிலையங்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக வருகிறது. அடுத்த 24 அல்லது 30 மணி நேரத்தில் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை எவ்வளவு தூரம் தெரியும், மேகம் எத்தனை அடியில் நிற்கும் என்று எண்ணாகவே இருக்கிறது. அதில் ‘சற்று’ கிடையாது, ‘கூடும்’ கிடையாது. பைலட்டுக்கு 800 மீட்டர், வேன் டிரைவருக்கு ‘லேசான’. அவருக்காவது கீழே பார்க்காமல் இறங்கக் கருவி இருக்கிறது. எனக்கு வைப்பர் இருக்கிறது.

அப்புறம் அந்த ‘பனிமூட்டம்’ என்ற சொல். ஒரு கிலோமீட்டருக்குள் தெரியாமல் போனால்தான் மூடுபனி, அதற்கு மேல் தெரிந்தால் அது வேறு என்று உலகம் முழுக்க வரையறை வைத்திருப்பது நீங்கள்தான். 900 மீட்டர் தெரிந்தாலும் மூடுபனி, 40 மீட்டர் தெரிந்தாலும் மூடுபனி. முதலாவதில் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவேன். இரண்டாவதில் பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல்வேன்.

பனியும் வெயிலும் வேறு வேறு செய்தி இல்லை என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கடல் குளிர்ந்து கிடக்கிறது; அதன் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிறது; மேலே சூடான காற்று மூடி போட்டு அதை அமுக்கி வைக்கிறது. உள்ளே தரை காயக் காய அங்கே காற்று மேலேறி, அந்த இடத்துக்குக் கடல்காற்று இழுபடுகிறது. அந்தப் பக்கம் வெயில் ஏறினால் இந்தப் பக்கம் பனி உள்ளே வருவது பெரும்பாலும் இதனால்தான். கலிபோர்னியாவிலும் பெருவிலும் நமீபியாவிலும் நடப்பது இதே கதைதான். நமீபியப் பாலைவனத்தில் ஒரு வண்டு பனி வரும் நேரம் பார்த்து மணல் மேட்டில் ஏறி, தலைகீழாக நின்று, முதுகில் படியும் ஈரத்தைக் குடிக்குமாம். அதற்கு நேரம் தெரிந்திருக்கிறது.

டிவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் கடலோரம் இருக்கிற இடத்தில் எப்போதும் அறிவிப்பாளர்தான் நிற்கிறார். செல்போனிலோ மொத்த வட்டாரத்துக்கும் ஒரே படம்: பாதிச் சூரியன், பாதி மேகம். பிள்ளைகள் வரையும் படமே இதைவிட விவரமாக இருக்கும்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன், மன்னியுங்கள். பனியைக் கணிப்பது கஷ்டம் என்று தெரியும். ஒரு டிகிரி இப்படி அப்படி ஆனால் வருகிற பனி வராமலே போகும். காற்று திசை மாறினால் கடலோரமும் சேர்ந்து கொதிக்கும். 9 மணிக்கு விலகும் என்று போட்டு 11-க்கு விலகினால் நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம். உங்கள் தொழிலைத் தொடங்கி வைத்த ஃபிட்ஸ்ராய் 1861-ல் துறைமுகக் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றிப் புயல் எச்சரிக்கை கொடுத்தார். சில தடவை தப்பாகவும் போனது, கேலியும் பேசினார்கள். ஆனாலும் படகுக்காரன் அண்ணாந்து பார்த்தால், இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரிந்தது.

எனக்கும் அவ்வளவுதான் தெரிய வேண்டும். தயவுசெய்து நேரத்தைப் போடுங்கள். கடலோரத்துக்குத் தனியாக, உட்பகுதிக்குத் தனியாக. ராத்திரி 8 மணிக்குள் வந்துவிட்டால் ரொம்ப உதவியாக இருக்கும். அந்த அம்மா 8.30-க்குப் போன் செய்வார்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு பள்ளி வேன் டிரைவர்