அன்று இட்ட ஊளை

லிங்கன், நெப்ராஸ்கா
18 செப்டம்பர் 2022

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நலம் விசாரித்தது இரண்டு வரி, திட்டு மூன்று பக்கம். இருபத்தைந்து வருடமாக நீ மாறவே இல்லை. வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் தன் இருப்பை ஞாபகப்படுத்துகிறது. தோட்டத்தில் தக்காளி காய்த்துத் தள்ளுகிறது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுத்துத் தீர்ந்த பிறகு, மிச்சத்தைத் தொக்காகக் கிளறிப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருக்கிறாள் உன் தங்கை. சின்னவள் இங்கேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். விடுதியில் இருக்கிறாள், அழுக்குத் துணி சேர்ந்தால் மட்டும் வீட்டுக்கு வருகிறாள்.

இனி உன் திட்டுக்கு வருகிறேன். எங்கள் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்டைப் போன ஞாயிறு வேலையிலிருந்து நீக்கியதற்கு நெப்ராஸ்கா மாநிலமே நன்றிகெட்டது என்கிறாய். நான்கரை வருடம் ஒரு பயிற்சியாளருக்குப் போதுமா என்று கேட்கிறாய். அதற்குச் சாட்சியாக உங்கள் பிளாக்ஸ்பர்க் தெய்வத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறாய். அங்கே வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக இருந்த ஃபிராங்க் பீமருக்கு 1987 முதல் 1992 வரை ஆறு வருடங்களில் 24 வெற்றி, 40 தோல்வி, 2 சமன். கடைசி வருடம் 2-8-1. இருந்தும் வர்ஜீனியா டெக் அவரை வைத்துக்கொண்டது. 1993இல் ஒன்பது வெற்றி. அதிலிருந்து அவர் 2015இல் ஓய்வுபெறும் வரை ஒரு வருடம்கூடத் தவறாமல் பவுல் ஆட்டம், அதாவது நன்றாக ஆடிய அணிகளைப் பருவக் கடைசியில் அழைக்கும் சிறப்பு ஆட்டம். 1999இல் ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் வரை போனார்கள். ஒப்புக்கொள்கிறேன். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃப்ராஸ்டின் கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி. விகிதத்தில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் உன் கடிதத்தைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்றை மட்டும் நீ வசதியாக விட்டுவிட்டாய். 1997 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நாம் இரண்டு பேரும் என்ன செய்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு மறக்கவில்லை. மெமோரியல் ஸ்டேடியத்தில் மாணவர் பகுதி. சென்ட்ரல் புளோரிடா என்று அதற்கு முன் நாம் கேள்விப்பட்டிராத ஒரு கல்லூரி, பாதி ஆட்டம் வரை நம்மை முந்திக்கொண்டிருந்தது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், அன்று மாணவனாக இருந்த இதே ஃப்ராஸ்ட். வுட் ரிவர் என்ற சின்ன ஊரில் வளர்ந்து, சொந்த மாநிலத்தை விட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், பிறகு திரும்பி வந்தவன். போனதையும் மன்னிக்கவில்லை, வந்ததையும் மன்னிக்கவில்லை கூட்டம். அவனை உட்கார வைத்துவிட்டு மாற்று ஆளை இறக்கு என்று ஊளையிட்டது. நீயும் நானும் கூடச் சேர்ந்து ஊளையிட்டோம். ஆட்டத்தின் விதிகளே பாதிதான் தெரியும் நமக்கு! வீட்டுக்காரக் கிழவர் சமையலறை மேசையில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்திக் கற்றுக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடைசியில் 38-24 என்று வென்றோம். காரில் திரும்பும்போது கிழவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரணி தோற்று வெளியே போகும்போது எழுந்து நின்று கை தட்டுகிற மனிதர் அவர். 'இந்த வாயில்கள் வழியே கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த ரசிகர்கள் செல்கிறார்கள்' என்று ஸ்டேடியத்தில் எழுதி வைத்திருப்பதை அவர் நிஜமாகவே நம்பினார்.

அந்த வருடம் அதே பையன் 13-0 முடித்தான். மிசௌரியில் தோற்றே போனோம் என்று நான் வானொலியை அணைக்கக் கை நீட்டியபோது, அவன் எறிந்த பந்து ஒருவன் காலில் பட்டு எகிறி, இன்னொருவன் கையில் விழுந்ததே! நீ கட்டிலிலிருந்து குதித்ததில் கட்டில் கால் உடைந்தது. ஓவர்டைமில் 45-38. ஆரஞ்சு பவுலில் டென்னசியை 42-17. பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்னின் கடைசி வருடம், மிச்சிகனோடு பங்கிட்டுக்கொண்ட தேசியப் பட்டம்.

இருபது வருடம் கழித்து, 2017இல், அதே சென்ட்ரல் புளோரிடாவுக்குப் பயிற்சியாளராக இருந்து அங்கும் ஒரு தோல்வி இல்லாத வருடத்தைக் கொடுத்துவிட்டு அவன் ஊர் திரும்பினான். அந்த டிசம்பரில் இங்கே தெருவில் நடந்தவர்கள் எல்லோர் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை. ஆறு வருடத்தில் 58 வெற்றி தந்த பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச்சை 2003இல் துரத்தியதும், வருடம் தவறாமல் ஒன்பது ஆட்டமாவது வென்ற போ பெலினியை 2014இல் அனுப்பியதும் இதே ஊர்தான். அந்தப் பாவமெல்லாம் இவனால் கழுவப்பட்டுவிடும் என்று நினைத்தோம். பொறுமையற்றவர்கள் என்று நீ எங்களைச் சொல்வது சோலிச் விஷயத்தில் முழுக்க உண்மை. அந்தத் தப்புக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் ஃப்ராஸ்ட் விஷயத்தில் நடந்ததோ தலைகீழ், மாப்பிள்ளை. முதல் ஆறு ஆட்டமும் தோல்வி, கை தட்டினோம். 4-8. அடுத்த வருடமும் தோல்விகள் குவிந்துகொண்டிருந்த நவம்பரில் அவன் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டிக் கொடுத்தார்கள். அன்றும் நான் சரியென்றேன். 2021இல் ஒன்பது தோல்வி. ஒன்றுகூடப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் இல்லை. இதோ வந்துவிட்டது, இன்னும் ஒரு கை தூரம்தான் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் நானே வாதாடினேன். ஒரே டச்டவுன் வித்தியாசத்துக்குள், அதாவது எட்டுப் புள்ளிக்குள், முடிந்த ஆட்டங்களில் அவன் வென்றது 5, தோற்றது 22. முதல் பத்துத் தோல்வியைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். இருபத்திரண்டையும் அப்படிச் சொல்ல வேண்டுமானால் ஜாதகம் பார்க்கத்தான் போக வேண்டும்.

போன மாதம் டப்ளினில் நார்த்வெஸ்டர்னோடு ஆடினார்களே, அதை நான் எழுந்து நின்றுகொண்டே பார்த்தேன். மூன்றாம் கால்பகுதி, 28-17, பதினொரு புள்ளி முன்னிலை. எதிரணி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. பந்தைத் தூர உதைத்துக் கொடுத்துவிட்டுத் தடுத்தாட வேண்டிய நேரம். ஃப்ராஸ்ட் ஆன்சைடு கிக் கேட்டான்! கிழவர் மிளகு டப்பாவை ஒரு விரல் அளவு மட்டும் நகர்த்திக் காட்டுவாரே, அதுதான். பந்தைக் கிட்டத்திலேயே உதைத்துவிட்டு, எதிரணி கையில் அகப்படும் முன் நாமே பாய்ந்து பிடித்துக்கொள்கிற சூதாட்டம். தோற்றுக்கொண்டிருப்பவன், நேரம் தீர்ந்துபோனவன் செய்வது. ஜெயித்துக்கொண்டிருப்பவன் ஏன் செய்ய வேண்டும்? பந்து அவர்களிடம் போயிற்று, ஆட்டமும் போயிற்று. 31-28. அன்று அந்த மைதானத்தில் இணையம் செயலிழந்து பணம் வாங்க வழியில்லாமல், பீரை இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்களாம். நெப்ராஸ்காவிலிருந்து கடல் கடந்து போனவர்களுக்கு அந்த ஒரு ஆறுதல்.

இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்ன் ஆட்டம். நான் நேரில் இருந்தேன். சொந்த மைதானத்தில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்து நெப்ராஸ்கா அதுவரை தோற்றதே இல்லை, 214 ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. அன்று 42 எடுத்துத் தோற்றோம், 45-42. அவர்கள் அடித்த கடைசி டச்டவுனின்போது கடிகாரத்தில் 36 விநாடி. அவர்களின் பயிற்சியாளர் யார் என்று பார்த்தாயா? கிளே ஹெல்டன். போன வருடம் இதே செப்டம்பரில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இரண்டாவது ஆட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பிய மனிதர். உன் கட்சிக்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால் பீமரை விட்டுவிட்டு இவரை எடுத்துக்கொள், நான் மறுக்க மாட்டேன்.

என் வரிசையில் இருந்தவர்கள் ஊளையிட்டார்கள். முன்னால் ஒரு சின்னப் பையன், எட்டு வயது இருக்கும், அப்பாவைப் பார்த்துவிட்டு அவனும் வாயைக் குவித்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான்கரை வருடம் நான் பொறுமையாக இருந்தது ஃப்ராஸ்டின் வேலையைப் பார்த்து அல்ல. 1997இல் ஒரு 22 வயதுப் பையன்மேல் நான் இட்ட ஊளைக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். இவன் வென்றால் அன்றைய நான் மன்னிக்கப்படுவேன் என்று எங்கோ உள்ளே ஒரு கணக்கு. தப்புக் கணக்கு. ஒரு பயிற்சியாளரை எடைபோட அது படிக்கல் ஆகாது.

நீ பீமரை எடுத்தாயே, அவரையும் 1992இல் வைத்துப் பார்க்கிறேன். அந்த வருடம் ரட்கர்ஸிடம் கடைசிப் பந்தில் 50-49 என்று தோற்றார்கள். இங்கே நடப்பதைப் போலவேதான். அவரை வைத்துக்கொண்ட விளையாட்டுத் துறைத் தலைவர் டேவ் பிரெய்னுக்கு 1993 தெரிந்திருக்க வழியில்லை. பீமர் உதவியாளர்களை மாற்றினார். ஃப்ராஸ்டும் போன நவம்பரில் நான்கு உதவியாளர்களை ஒரே நாளில் நீக்கினான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கதை. ஆனால் பீமர் வந்தபோது, முன்னால் இருந்தவர்கள் செய்த முறைகேட்டுக்காக ஆட்டக்காரர்களுக்கான உதவித்தொகை இடங்களைக் குறைத்திருந்தார்கள். குழியில் இறக்கிவிட்டு ஏறி வா என்றார்கள் அவரை. இவனுக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது. இன்னொன்று, அன்று ஒரு பையன் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். ஃப்ராஸ்டே அப்படி உட்கார்ந்தவன்தான். போன வருடத்திலிருந்து முதல் முறை மாறுகிறவனுக்கு அந்தத் தடை இல்லை. நாம் பொறுத்தாலும் பையன்கள் பொறுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவர்களுக்கு இருப்பது நான்கோ ஐந்தோ வருடம். அதைக் கொண்டுபோய் யாருடைய பாடத்துக்குச் செலவிடச் சொல்கிறாய்?

ஆஸ்பர்ன் முதல் பட்டத்துக்கு 22 வருடம் காத்திருந்தார் என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை, அவர் ஒரு வருடம்கூட ஒன்பதுக்குக் குறைந்து வென்றதில்லை. ஓக்லஹோமாவிடம் தொடர்ந்து ஐந்து வருடம் தோற்றார் என்பதுதான் ஊருக்கு அவர்மேல் இருந்த வருத்தம். அவரையும் இவனையும் ஒரே தராசில் வைக்காதே.

பணத்தைப் பற்றி நீ கேட்டது நியாயம். போன நவம்பரில் சம்பளத்தை 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சமாகக் குறைத்தார்கள். நீக்கினால் தர வேண்டிய தொகை 1.5 கோடி டாலர். அக்டோபர் 1 வரை காத்திருந்தால் அது 75 லட்சமாக இறங்கியிருக்கும். இருபது நாள் பொறுக்க முடியாமல் 75 லட்சத்தை வீசினார்கள் என்பதில் எனக்கும் எரிச்சல்தான். எனக்குச் சம்பள உயர்வு தர யோசிக்கிறவர்கள் மாநிலத்தில் எத்தனை பேர்! ஆனால் அது வேறு புலம்பல். இத்தனை வருடத் தோல்வியிலும் 1962 நவம்பரிலிருந்து டிக்கெட் விற்றுத் தீராத ஆட்டம் ஒன்றுகூட இல்லை இங்கே. போன வருடம் அந்தச் சங்கிலி அறுந்துவிடும் போலிருந்தது. வசதியுள்ளவர்கள் டிக்கெட்டை வாங்கி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். இதைவிடப் பொறுமைக்கு நான் எங்கே போவேன்?

நேற்று ஓக்லஹோமா வந்து 49-14 என்று உரித்துவிட்டுப் போயிற்று. இடைக்காலப் பொறுப்பு மிக்கி ஜோசஃபிடம். அவரும் இங்கே ஆடிய பழைய குவார்ட்டர்பேக்தான், எங்கள் கால்பந்து அணிக்கு முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். ஐந்து நாள் அவகாசத்தில் அந்த மனிதர் என்ன செய்திருக்க முடியும்? அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஓக்லஹோமாக்காரர்கள் வெளியே போகும்போது எழுந்து நின்று கை தட்டினேன். முழங்கால் வலித்தது.

உங்கள் புதுப் பயிற்சியாளர் பிரென்ட் பிரை விஷயம் வேறு. வந்து மூன்று ஆட்டம்தான் ஆகிறது. ஓல்டு டொமினியனிடம் தோற்றதற்காக உன் மகன் இப்போதே அவரை அனுப்பச் சொல்கிறான் என்றால், அவன் காதைத் திருகு, என் பங்குக்கும் சேர்த்து. நேற்று வொஃபோர்டை 27-7 என்று வென்றீர்கள், பார்த்தேன். வியாழக்கிழமை மேற்கு வர்ஜீனியா வருகிறது, அதையும் பார்த்துவிட்டு எழுது. ஆனால் பிரைக்கு நீ எத்தனை வருடம் கொடுப்பாய் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிடு. நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

அக்டோபர் 1 இந்தியானா ஆட்டம், இங்கேதான். என்னிடம் இரண்டு டிக்கெட் இருக்கிறது, கிழவர் உட்காரும் அதே பக்கம். உன் தங்கை வர மாட்டாள், அவளுக்கு அந்தச் சத்தம் ஆகாது. வெள்ளிக்கிழமை இரவு ஒமாஹாவுக்கு விமானம் இருக்கிறது, நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். தொக்கு பாட்டிலைத் தபாலில் அனுப்பினால் உடையும், நீயே வந்து எடுத்துக்கொண்டு போ.

உன்,
லிங்கன்காரன்