தமிழ் வினாத்தாளையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

மதிப்பிற்குரிய பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம்.

எந்தத் தேர்வு, எந்தக் கேள்வி என்று நான் விளக்கத் தேவையில்லை. இரண்டாம் திருப்புதல் தேர்வு, கேள்வி எண் 42. அன்று மாலையே உங்களுக்கு நிறைய போன் வந்திருக்கும். நான்காம் நாள் பள்ளிகளுக்கு நீங்கள் அனுப்பிய ஒற்றை வரிக் குறிப்பையும் பார்த்தேன்: 42ஆவது கேள்வியை எழுத முயன்றிருந்தால் முழு மதிப்பெண் வழங்கலாம். அந்த வரியோடு விஷயம் முடிந்தது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் அரசுப் பள்ளிகளில் 31 வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் பதினோரு பேர் சாயங்காலம் என் வீட்டு மாடிக்கு வருகிறார்கள். எல்லாரும் தமிழ் வழி. தேர்வு முடிந்த அன்று வினாத்தாளோடு வந்தார்கள். வழக்கமாகப் படியேறும்போதே சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். செவ்வக வடிவத் தோட்டம் ஒன்றைச் சுற்றி 60 மீட்டர் நீளத்துக்கு வேலி போடப்பட்டுள்ளது. தோட்டத்தின் பரப்பு 261 சதுர மீட்டர். நீளம், அகலம் காண்க. இது தமிழில். அதே தாளில், அதற்கு நேர் கீழே, ஆங்கிலத்தில் பரப்பு 216 சதுர மீட்டர் என்று இருக்கிறது. இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. அவ்வளவுதான்.

216 என்றால் சுலபமான கணக்கு. நீளமும் அகலமும் கூட்டினால் 30, பெருக்கினால் 216. பதினெட்டும் பன்னிரண்டும். ஐந்து நிமிட வேலை. 261 என்றால் விடையே கிடையாது. 60 மீட்டர் வேலியை எப்படிச் செவ்வகமாக மடக்கினாலும் அதற்குள் அடங்கும் இடம் 225 சதுர மீட்டரைத் தாண்டாது. 15க்கு 15 சதுரமாகப் போட்டால் வரும் அந்த 225தான் உச்சம்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. உங்களில் யாராவது கவனித்தீர்களா என்று தெரியவில்லை. 261 வைத்து இருபடிச் சமன்பாடு எழுதித் தன்மைக்காட்டியை, அதாவது சமன்பாட்டுக்கு விடை உண்டா என்று காட்டும் எண்ணைக் கண்டுபிடித்தால், 900-லிருந்து 1044 போய் மைனஸ் 144 வரும். மைனஸில் வந்தால் விடை இல்லை என்று பொருள். 144 முழு வர்க்கம். அந்த மைனஸைக் கவனிக்காத பிள்ளைக்கு வர்க்கமூலம் 12, நீளம் 21, அகலம் 9 என்று அழகான முழு எண்களில் ‘விடை’ வந்துவிடும். கூட்டினால் 30 சரியாக வருகிறது. அவன் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். பெருக்கிப் பார்த்தால்தான் 189 என்று தெரியும். என் பதினோரு பேரில் நாலு பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். கவனமில்லாத பிள்ளையை இந்தக் கேள்வி தடுக்கவில்லை. கவனமான பிள்ளையைத்தான் தடுத்தது.

அந்தக் கவனமான பிள்ளையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம். அவள் அப்பா வேலிக்கல் நட்டுக் கம்பி கட்டும் வேலை பார்க்கிறார். 42 கட்டாயக் கேள்வி என்பதால் விட முடியாது என்று முதலில் அதைத்தான் எடுத்திருக்கிறாள். தன்மைக்காட்டி மைனஸில் வந்ததும் தான்தான் தப்புப் பண்ணினோம் என்று நினைத்துத் திரும்பப் போட்டிருக்கிறாள். மூன்றாம் முறை சூத்திரத்தை விட்டுவிட்டுக் காரணிப்படுத்திப் பார்த்திருக்கிறாள். 261-ஐ 9, 29 என்று பிரித்து, கூட்டினால் 38 வருகிறதே, 30 வரவில்லையே என்று ஓரத்தில் பென்சிலில் எழுதிய கணக்கு விடைத்தாளில் இன்னும் இருக்கிறது. நாற்பது நிமிஷம். மூன்று மணி நேரத் தேர்வில் ஐந்து மார்க்குக்கு நாற்பது நிமிஷம்.

கடைசியில் அவள் எழுதியது இது: “மெய்யெண் மூலங்கள் இல்லை. எனவே 60 மீட்டர் வேலியில் இப்படி ஒரு தோட்டம் அமைக்க முடியாது.”

அந்த அறையில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதியவள் அவள் ஒருத்திதான். நீங்கள் அச்சடித்த தமிழ்க் கேள்விக்கு வேறு விடையே இல்லை. ஆனால் பதினைந்து வயசுப் பிள்ளை. கட்டாயக் கேள்விக்கு ‘முடியாது’ என்று யாராவது விடை வைப்பார்களா என்று பயம் வந்துவிட்டது. பேனாவை எடுத்து இரண்டு கோடு போட்டு மொத்தத்தையும் அடித்துவிட்டாள். அப்புறம் ஓட்டமாக மற்ற கேள்விகளை எழுதி, வரைபடத்துக்கு வந்தபோது மணி அடிக்கப் பத்து நிமிஷம். அந்த வரைபடத் தாளை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அச்சுகள் வரைந்து, அளவுத்திட்டம் எழுதி, ஒன்பது புள்ளிகளில் ஐந்து குறித்திருக்கிறாள். வளைவரை இல்லை. எட்டு மார்க் கேள்வி அது.

அப்புறம் உங்கள் குறிப்பு வந்தது. முயன்றிருந்தால் முழு மதிப்பெண். கேள்வி எண்ணைப் போட்டு, கேள்வியை அப்படியே பார்த்து எழுதி வைத்த பையனுக்கு ஐந்து. 21, 9 எழுதியவர்களுக்கு ஐந்து. அவளுக்குச் சுழியம், ஏனென்றால் அடித்த விடையைத் திருத்துவதில்லை என்பது விதி. திருத்திய ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். “குறிப்பில் அடித்த விடை பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே டீச்சர், நான் என்ன செய்ய?” என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

மறுநாள் அவள் அப்பா கம்பி கட்டும் கயிற்றோடு மாடிக்கு வந்தார். மகள் ராத்திரி சாப்பிடவில்லை என்றார். கயிற்றில் 60 அடி அளந்து முடிச்சுப் போட்டு, நாலு பிள்ளைகளை மூலைக்கு ஒருவராக நிறுத்தினார். முதலில் ஒல்லியாக, 25க்கு 5. அப்புறம் 20க்கு 10. அப்புறம் 18க்கு 12. கடைசியில் சதுரம். “எப்படி இழுத்தாலும் சதுரத்துக்கு மேல இடம் புடிக்காதும்மா, அதுக்கு மேல வேணும்னா கயிறுதான் நீளணும்” என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவர். உங்கள் கேள்வி தப்பு என்று கண்டுபிடிக்க அவருக்குக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன், அந்தக் கேள்விகளைத் தயாரிக்காத ஒருவர், விடைக்குறிப்பைப் பார்க்காமல், தமிழ் வினாக்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முதல் கேள்வியிலிருந்து 44 வரை போட்டுப் பார்க்கட்டும். ஆங்கிலப் பகுதியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தமிழை மேலோட்டமாக ஒத்துப்பார்ப்பது போதாது. தமிழையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

திருப்புதல் தேர்வுதானே, பொதுத்தேர்வு இல்லையே என்று ஒரு பதில் வரும் என்று தெரியும். 2020-ஐ மறந்துவிட வேண்டாம். கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானபோது, காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களிலிருந்து 80 சதவீதமும் வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்துத்தான் சான்றிதழ் கொடுத்தார்கள். ‘பள்ளித் தேர்வுதானே’ என்று அசட்டையாக எடுத்த தாள்கள் அந்த வருஷம் பிள்ளைகளின் நிரந்தர மதிப்பெண்ணாகிவிட்டன. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பதினோராம் வகுப்பில் முதல் குரூப் கேட்டுப் போகும் பிள்ளையிடம் பல பள்ளிகள் திருப்புதல் மதிப்பெண்ணைத்தான் முதலில் கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பிள்ளைக்குத் தன் கணக்கின் மேலேயே நம்பிக்கை போவது சின்ன விஷயமா?

இது முதல் முறை என்றால் எழுதியிருக்க மாட்டேன். போன வருஷம் வடிவியல் வரைதலில், அடிப்பக்கம் 6 சென்டிமீட்டர், உச்சிக்கோணம் 60 பாகை, உச்சியிலிருந்து குத்துக்கோட்டின் நீளம் 5.5 சென்டிமீட்டர் என்று முக்கோணம் வரையச் சொன்னீர்கள். அப்படி ஒரு முக்கோணம் கிடையாது. அந்த அடிப்பக்கத்துக்கும் அந்தக் கோணத்துக்கும் சமபக்க முக்கோணம்தான் மிக உயரமானது. அதன் உயரம் 5.2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளைகள் வட்டத்தை வரைந்து, 5.5-இல் இணைகோட்டைப் போட்டால், கோடு வட்டத்தைத் தொடாமல் மூன்று மில்லிமீட்டர் மேலே போகிறது. பென்சில் முனை தடித்துவிட்டதா, காம்பஸ் நழுவிவிட்டதா என்று அழித்து அழித்து வரைந்தார்கள். கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வட்டத்தில் ஒட்டவைத்துவிட்டு 5.5 செ.மீ. என்று எழுதிவிட்டார்கள். எட்டு மார்க் முழுசாகக் கிடைத்தது. அளவை மாற்றி எழுதினால் மார்க் வரும் என்று அன்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதை அவர்கள் மனசிலிருந்து எடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

நிகழ்தகவிலும் இதே கதை. ஒரு நிகழ்ச்சிக்கு 0.6, இன்னொன்றுக்கு 0.7, இரண்டும் சேர்ந்து நடக்க 0.2, ஏதேனும் ஒன்றாவது நடக்க நிகழ்தகவு என்ன என்று கேட்டால் 1.1 வருகிறது. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்பதுதான் அந்தப் பாடத்தில் நாங்கள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. முக்கோணவியலில் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே தரையில் நிற்கும் காரை ஏற்றக்கோணத்தில் பார்க்கச் சொன்ன தாளும் என்னிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இறக்கக்கோணம் என்று சரியாகவே இருந்தது. கவனித்துப் பாருங்கள், நான் எடுத்து வைத்திருக்கும் தாள்களில் பாதிப் பிழைகள் தமிழில் மட்டும் இருப்பவை. ஆங்கில வழிப் பிள்ளை ஐந்து நிமிஷத்தில் தாண்டிப் போகும் இடத்தில் தமிழ் வழிப் பிள்ளை நாற்பது நிமிஷம் நிற்கிறாள். ஒரே பாடம், ஒரே பரீட்சை, ஒரே அறை. இதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அடங்க மாட்டேன் என்கிறது.

உங்கள் சிரமம் தெரியாமல் பேசவில்லை. நானும் வினாத்தாள் எடுத்திருக்கிறேன். இரண்டு நாள் அவகாசம் கொடுப்பார்கள். பள்ளியில் வகுப்பும் இருக்கும். ராத்திரி உட்கார்ந்து கையால் எழுதிக் கொடுத்ததை வேறொருவர் டைப் அடிப்பார். அவருக்கு 216-உம் 261-உம் ஒன்றுதான். சரிபார்க்க வரும்போது கண்ணில் தூக்கம். நாமே எடுத்த கேள்வியை நாமே படித்தால் மனசில் இருப்பதுதான் தாளிலும் தெரியும். அதனால்தான் வேறொருவர் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன். அதற்கு ஒரு ஆசிரியரும் ஒரு மூன்று மணி நேரமும் போதும். கேள்வி வெளியே போய்விடும் என்று பயந்தால், குழுவுக்குள்ளேயே ஒருவரைக் கேள்வி எடுக்காமல் இதற்கென்று ஒதுக்கிவையுங்கள்.

பிழை அதையும் மீறி வந்துவிட்டால், தேர்வு நடக்கும்போதே எல்லா மையங்களுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். அன்று ஆங்கில வழி அறையில் கண்காணித்த ஆசிரியர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரிந்திருக்கிறது. தமிழ் வழி அறைக்கு அது போய்ச் சேரவே இல்லை. அப்புறம் மதிப்பெண் குறிப்பு அனுப்பும்போது, அந்தக் கேள்வியை விட்டவர், அடித்தவர், பாதியில் நிறுத்தியவர் எல்லாருக்கும் சேர்த்து அனுப்புங்கள். ‘முயன்றிருந்தால்’ என்ற ஒரு சொல்லுக்குள் அவள் முயற்சி அடங்கவில்லை. அவளைப் போல அடித்துவிட்ட பிள்ளைகள் மற்ற பள்ளிகளிலும் இருப்பார்கள். விடைத்தாள்கள் இன்னும் பள்ளிகளில்தான் இருக்கின்றன. ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பினால் இரண்டு நாளில் சரியாகிவிடும். தயவுசெய்து அனுப்புங்கள்.

மூன்றாம் திருப்புதல் தேர்வுக்கு இன்னும் சில நாள்தான். அந்தத் தாள் இந்நேரம் தயாராகியிருக்கும். இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், தமிழில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கைகூப்பிக் கேட்கிறேன்.

நேற்று அவள் என்னிடம், “இனிமே தன்மைக்காட்டி மைனஸ்ல வந்தா முடியாதுன்னு எழுதலாமா டீச்சர், இல்லை கேள்வியைப் பார்த்து எழுதி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடவா?” என்று கேட்டாள். எழுது என்றேன். எழுதினால் மார்க் வருமா என்றாள். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். திருத்தக் குறிப்பில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: கேள்வியில் பிழை இருந்து, விடை இல்லை என்று மாணவர் காரணத்தோடு எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்