கடனுக்கு இரண்டு கையெழுத்து, பத்திரத்தில் ஒரு பெயர்

ஆசிரியருக்கு,

விவாகரத்து என்றால் ஜீவனாம்சம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வீடு யாருக்கு என்று கேட்பவர்கள் குறைவு. பத்திரம் எழுதிப் பிழைக்கும் எனக்குக் கண்ணில் படுவதெல்லாம் அந்த இரண்டாவது கேள்விதான்.

சென்ற மாதம் ஒரு பெண் கிரையப் பத்திரத்தின் நகல் வேண்டும் என்று வந்தார். மில் வேலை, சமீபத்தில்தான் விவாகரத்து ஆகியிருந்தது. வீட்டுக்கு முன்பணம் கொடுத்தது அவருடைய நகையை விற்று. வங்கிக் கடனில் துணைக் கடன்தாரராகக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதனால் வீட்டில் பாதி தன்னுடையது என்றே நம்பியிருந்தார். நகலைப் புரட்டிப் பார்த்தால், ‘கிரையம் பெறுபவர்’ என்ற இடத்தில் கணவர் பெயர் மட்டும். வில்லங்கச் சான்றிலும் அப்படியே. கடன் கட்டாமல் போனால் வங்கி இவரையும் தேடி வரும். வீட்டை விற்க மட்டும் இவரைக் கேட்க வேண்டியதில்லை! சமாதானமாகப் பிரிகிறவர்கள் ஒரு தொகை பேசி, ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்வது உண்டு. பத்திரத்தில் பெயரே இல்லாதவர் எதை விடுதலை செய்வார்?

சட்டமும் பெரிதாகக் கை கொடுப்பதில்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, திருமணத்தையொட்டி வந்த, இருவருக்கும் பொதுவான சீர் பொருள்களைப் பற்றித்தான் பேசுகிறது. பிறகு இருவரும் உழைத்து வாங்கிய வீட்டை எப்படிப் பிரிப்பது என்று அதில் இல்லை. சீதன நகை பெண்ணுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது, சரி. அந்த நகை செங்கல்லும் சிமெண்டுமாக மாறிய பிறகு அதை நிரூபிக்க ரசீது வேண்டும். எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள்?

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவியின் வீட்டு வேலையும் சொத்துக்கான பங்களிப்புதான், அவருக்குச் சம பங்கு உண்டு என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்காக ஒவ்வொரு பெண்ணும் உயர் நீதிமன்றம் வரை ஏற முடியுமா? கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்யும் 2010ஆம் ஆண்டு மசோதா, 2013இல் மாநிலங்களவையைத் தாண்டியது. மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியாகிவிட்டது. கோவாவிலோ போர்ச்சுகீசியர் காலத்து 1867ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால் கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது, ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் நிலத்தை விற்க முடியாது. இங்கே மட்டும் ஏன் அப்படி ஒரு சட்டம் கொண்டுவர முடியாது?

இதில் பெண்கள் மட்டும்தான் ஏமாறுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். துபாயில் சம்பாதித்ததை எல்லாம் மனைவி பெயரில் வாங்கிப்போட்டுவிட்டு, இப்போது வழக்கறிஞர் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிற ஆண்களையும் பார்க்கிறேன்.

பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்துத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் சலுகை தந்தது. வரவேற்கிறேன். கணவன் மனைவி கூட்டாகப் பதிகிறவர்களுக்கென்றும் ஒரு சலுகை கொடுத்தால், ‘இவ பேரு எதுக்கு’ என்று என் மேஜை முன் நின்று கேட்கும் மாமனார்களில் பாதிப் பேர் கணக்குப் பார்த்தாவது ஒத்துக்கொள்வார்கள். வங்கிகளுக்கும் ஒரு விதி வேண்டும்: வீட்டுக் கடனில் மனைவியின் கையெழுத்து தேவை என்றால், பத்திரத்திலும் அவர் பெயர் இருக்க வேண்டும்.

ஓர் ஆவண எழுத்தர்,
பொள்ளாச்சி