ஆறு மணி நேரம், பதினான்கு பாயிண்ட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில் மதுரை வாசகர் ஒருவர் கொடைக்கானல் போய் வந்ததைப் பற்றி எழுதியிருந்தார். மலைப் பாதையில் நாலு மணி நேரம், ஊருக்குள் நெரிசலில் மூன்று மணி நேரம், போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று முடித்திருந்தார். நான் நாயுடுபுரத்தில் பிறந்தவன். 26 வருஷமாகக் கொடைக்கானலில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. நெரிசல் என்றாரே, அது உண்மை. ஒன்றுமே இல்லை என்றாரே, அது உண்மையில்லை. அவருக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். அப்படிக் காட்டாதவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழில் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பார்ட்டி வந்து நின்றதும் ஒரு அட்டையை நீட்டுவோம். அப்பர் லேக் வியூ, மோயர் பாயிண்ட், பைன் காடு, தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு என்று வரிசையாகப் பெயர் போட்டிருக்கும். பதினான்கு பாயிண்ட், ஆறு மணி நேரம், வாடகை இவ்வளவு. பாயிண்ட் கூடினால் பார்ட்டிக்குச் சந்தோஷம். சீக்கிரம் முடிந்தால் எங்களுக்கு இன்னொரு ட்ரிப். சீசனில் அந்த ஆறு மணி நேரத்தில் பாதி, வண்டி ரோட்டில் நிற்பதிலேயே போய்விடும். மீதியைப் பதினான்கால் வகுத்துப் பாருங்கள். ஓரிடத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம் வரும். அதற்குள் இறங்கி, டிக்கெட் எடுத்து, குழந்தையைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், ஒரு போட்டோ எடுப்பதற்குள் நான் ஹாரன் அடித்துவிடுவேன்.

தூண் பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 400 அடிக்குச் செங்குத்தாக நிற்கிற பாறைகள். ஆனால் பாதி நாள் அங்கே மேகம்தான் இருக்கும். பார்ட்டி கம்பியைப் பிடித்து எட்டிப் பார்ப்பார்கள். வெள்ளை வேட்டியைக் காயப்போட்டது போல எதிரே ஒன்றும் தெரியாது. "ஒண்ணுமே தெரியலையேண்ணே" என்று திரும்பி வந்து வண்டியில் ஏறிவிடுவார்கள். இன்னும் கால் மணி நேரம் நின்றால் போதும், பல நாள் மேகம் நகரும். முதலில் ஒரு பாறையின் தோள் மட்டும் தெரியும், அப்புறம் அடிவாரத்துப் பள்ளம், அப்புறம் முழுப் பாறையும். ஒரு நிமிஷம் இருந்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். பார்த்தவர்கள் கத்துவார்கள், கை தட்டுவார்கள். நான் ஹாரன் அடித்துக் கூட்டிவந்தவர்கள் எத்தனை பேர் அதைப் பார்க்காமலே போனார்கள் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

என் மனசை மாற்றியது ஒரு பாட்டி. மூன்று வருஷத்துக்கு முன் விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பாட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும், முழங்கால் வலி. கோக்கர்ஸ் வாக் 1872-ல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலை விளிம்பை ஒட்டிப் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர் வரும். அதில் நூறு அடி நடந்ததும் பாட்டி உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். துணைக்குப் பேத்தியை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாயிண்ட் பாயிண்டாகச் சுற்றிக்காட்டினேன். நாலு மணி நேரம் கழித்து வந்தால், பாட்டி அதே இடத்தில். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மடியில் வேர்க்கடலைத் தோல், பேத்தி தோளில் சாய்ந்து தூக்கம். என்னைப் பார்த்ததும், "தம்பி, பெரியகுளம் தெரிஞ்சுதுப்பா. ரெண்டு தடவ தெரிஞ்சுது. கம்மாய்த் தண்ணி தட்டு மாதிரி மின்னுச்சு" என்றார். கீழேயிருந்து மேகம் பால் பொங்குவது போல ஏறி வந்ததையும், தன் காலடியில் வந்து நின்று முகத்தை நனைத்ததையும் கீழே இறங்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். மற்றவர்கள் செல்போனில் போட்டோ பார்த்துக்கொண்டு, இது எந்த பாயிண்ட், அது எந்த பாயிண்ட் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஏரிக்கு வருகிறேன். எல்லாரும் வருகிற இடம், யாரும் சரியாகப் பார்க்காத இடமும் அதுதான். 1863-ல் வியர் லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் கரை கட்டி உண்டாக்கிய ஏரி அது. 60 ஏக்கர். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அப்போது இங்கே வண்டி ஏறும் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்து ஏற்றத்தில் ஆட்கள்தான் சுமந்து வந்திருக்க வேண்டும். ஏரியைச் சுற்றிப் போகும்போதெல்லாம் அந்தப் பேர் தெரியாத ஆட்களை நினைத்துக்கொள்வேன்.

நட்சத்திர வடிவம் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். வண்டியில் சுற்றினால் அது தெரியவே தெரியாது. சுற்றுப் பாதை சுமார் 5 கிலோமீட்டர். நடந்தால்தான், ஏரியின் ஒவ்வொரு கையையும் ஒட்டிப் போய்த் திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கம் மறைந்து இன்னொரு பக்கம் திறப்பது தெரியும். ஜனவரியில் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். காற்றைவிடத் தண்ணீர் கதகதப்பாக இருப்பதால் ஏரி முழுக்க ஆவி எழும்பும். கட்டிப்போட்ட படகுகளின் மேல் பாதி மட்டும் தெரியும். கம்பி வேலியில் விரலை வைத்தால் பனித்துளி வரிசையாக உருண்டு விழும். நாணலுக்குள் நீர்க்கோழி கூப்பிடும், அது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எதிரே வருகிறவர் முகம் தெரிவதற்கு முன்னால் செருப்புச் சத்தம் வரும். வெயில் மலைக்கு மேல் ஏறியதும் அந்த ஆவி மெல்ல மெல்லச் சுருண்டு போகும். இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் அதே ரோட்டில் கார், வேன், குதிரை, சைக்கிள், நடப்பவர்கள் எல்லாம் ஒன்றாக. வாடகை சைக்கிள் எடுத்த பத்து வயதுப் பிள்ளைக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. குதிரை மிரளும். டீசல் புகை அந்தப் பள்ளத்தை விட்டு நகராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும்போது ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் வெள்ளி அருவி வரும். 180 அடி உயரத்திலிருந்து விழுவது, இந்த ஏரி நிரம்பி மறுகால் போகும் தண்ணீர்தான். அருவியில் காலை நனைத்துவிட்டு மேலே வந்து ஏரிக்குள் கப்பையும் கவரையும் வீசுகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் திகைத்துப் போவார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை இருக்கிறது, கொண்டுவந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. அப்படியும் வருகிறது. தயவுசெய்து வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

அட்டையில் இல்லாத இடங்களும் நிறைய. சூரிய ஆய்வகம் 1899-லிருந்து இங்கே இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் கண்டுபிடித்தது இந்த மலையில் உட்கார்ந்துதான். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள்கூட வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து மேகம் இல்லாத நாளில் பழனி மலை தெரியும். குறிஞ்சி 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான். மேல்மலைப் பக்கம் போனால் பூம்பாறை. படிப்படியாக வயல், நடுவில் ஊர், குழந்தை வேலப்பர் கோயில். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு விளைகிற பக்கம் அது. அறுவடைக் காலத்தில் ஊருக்குள் நுழையும்போதே வாசனை வரும். அதையும் தாண்டி மன்னவனூர். இதையெல்லாம் பார்க்க இரண்டு நாள் வேண்டும். அதனாலேயே அட்டையில் ஏறவில்லை.

உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது, அதாவது வெளி வண்டிகள் மேலே வர ஆன்லைனில் வாங்க வேண்டிய அனுமதி. 2025 சீசனில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வெளி வண்டிகள் என்று அளவும் வைத்தார்கள். எங்கள் ஸ்டாண்டில் நிறையப் பேருக்கு அதில் வருத்தம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் மேலே வந்த வண்டி எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பதினான்கு பாயிண்டுக்கு ஓடினால், எண்ணிக்கையைக் குறைத்து மட்டும் என்ன பிரயோஜனம்?

மாவட்ட நிர்வாகத்திடமும் நகராட்சியிடமும் உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இதுதான். சனி, ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரை ஏரிச் சாலையில் வண்டி விடாதீர்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டும் வழி விடுங்கள். மூன்று மணி நேரம் போதும், நடக்கட்டும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டட்டும். அப்புறம், ஊருக்கு வெளியே வண்டிகளை நிறுத்த ஒரு இடம் ஒதுக்கி, அங்கிருந்து பாயிண்டுகளுக்குச் சின்னப் பேருந்துகள் விடுங்கள். ஒரு டிக்கெட் எடுத்தால் அன்றைக்கு முழுக்க எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், ஏறலாம் என்று இருக்கட்டும். ஹாரன் அடிக்க ஆள் இருக்காது.

உன் பிழைப்பில் நீயே மண் அள்ளிப் போடுகிறாயா என்று ஸ்டாண்டில் கேட்கிறார்கள். ஆறு மணி நேரத்தில் பார்த்து முடித்தவர் அன்று ராத்திரியே இறங்கிவிடுகிறார். இரண்டு நாள் தங்குகிறவர் மேல்மலைக்கு வண்டி கேட்பார், அது முழு நாள் வாடகை. பூம்பாறையில் பூண்டு வாங்குவார், இங்கே நாலு வேளை சாப்பிடுவார். அடுத்த வருஷமும் வருவார். அந்த விருதுநகர்க் குடும்பம் இரண்டு தடவை வந்துவிட்டது. இரண்டு தடவையும் பாட்டிதான் அழைத்து வந்திருக்கிறார்.

மதுரை வாசகர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. சீசன் முடிந்து ஒரு வார நாளில் வாருங்கள், குடும்பத்தோடு வாருங்கள். முதல் நாள் ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏரிக் கரையில் படகுத் துறைப் பக்கம் இருங்கள். தினமும் அந்த நேரத்தில் நான் அங்கே நடப்பேன். சேர்ந்தே ஒரு சுற்று போய் வரலாம், வண்டி எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.